எரவாணத்தடியில் நின்றவள்

எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர் பொய் சொன்னார். அவர் வீட்டை ஒட்டிய மாடிவீட்டில் ஒரு பெண் அடிபட்டு அலறியது தன் காதில் விழவே இல்லை என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னார். எனக்கும் அந்த மாடிக்கும் நடுவே ஒரு தெரு இருக்கிறது. அவருக்கும் அந்த மாடிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. தெருவைத் தாண்டி எனக்கு வந்த சத்தம் சுவரைத் தாண்டி அவருக்குப் போகவில்லையாம்.

எனக்குக் கேட்டது என்று நான் சொன்னேன். சொன்னது நான் ஒருத்திதான். மறுநாள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தலைவர் ஆங்கிலத்தில் ஒரு செய்தி போட்டார். நம் தெரு கௌரவமான தெரு, சிலர் ஈவ்ஸ்டிராப்பிங் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள், அது நல்ல பழக்கம் அல்ல என்று. என் பெயரைப் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. கை கூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒட்டுக் கேட்பவள் என்று தமிழில் எழுத அவருக்கு வாய் கூசியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் திட்டு கூட இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது.

கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தொழிலை விட்டுப்போன வக்கீல் ஒருவர் கொடுத்த தடித்த ஆங்கில அகராதி ஒன்று கடையில் கிடக்கிறது. முதுகு கிழிந்து டேப் ஒட்டியது, மழைநாளில் அதைக் கதவுக்கு முட்டாகவும் வைப்பேன். அதை எடுத்துப் பிரித்தேன். என்னைத் திட்டிய வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று முழுசாகத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. ஈவ்ஸ் என்றால் கூரை சுவரைத் தாண்டி இறங்கி நிற்கிற ஓரம். நாங்கள் எரவாணம் என்போம். கதிர் அரிவாள், சீப்பு, முறம் எல்லாம் செருகி வைப்போமே, அந்த இடம். டிராப் என்றால் சொட்டு. எரவாணத்துச் சொட்டு. முதலில் அந்த வார்த்தைக்கு ஒட்டுக் கேட்பது என்ற அர்த்தமே இல்லை. கூரை ஓரத்திலிருந்து மழைத்தண்ணீர் வழிவதற்கும், அது விழுகிற தரைக்கும்தான் அந்தப் பெயர். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஒருவன் தன் மனையின் எல்லை வரைக்கும் வீட்டைக் கட்டக்கூடாதாம். தன் கூரைத் தண்ணீர் அடுத்தவன் நிலத்தில் விழாதபடி ஒரு பட்டை இடம் விட வேண்டுமாம். அந்தப் பட்டையில் வந்து நின்று சுவருக்கு உள்ளே பேசுவதைக் கேட்பவனுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். முதலில் ஆளுக்குப் பெயர் வைத்து, பிறகுதான் அவன் செய்யும் காரியத்துக்கு வைத்தார்கள். பிடிபட்டால் அபராதமும் உண்டாம்.

படித்துவிட்டு அகராதியை மூடவில்லை. கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தார், ஜெராக்ஸ் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டார். எனக்கு அந்தப் பக்கத்தின் மேல் ஓர் அலுமினியக் குண்டான் தெரிந்தது. ஒரு பக்கம் நெளிந்த குண்டான். அதில் எங்கள் பழைய வீட்டு எரவாணத்துத் தண்ணீர் விழும் சத்தம். அதன் பக்கத்தில், தலைக்கு யூரியா சாக்கை மடித்துக் கொங்காடி போட்டுக்கொண்டு நின்ற அத்தை.

தியாகதுருகத்தில் மலைக்கோட்டை தெரிகிற ஒரு தெருவில் நான் வளர்ந்தேன். அப்பாவுக்குக் கரும்பாலையில் வேலை. தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் ஓட்டு வீடு, மற்றதெல்லாம் கூரை. தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. எவ்வளவு விறகு வைத்தாலும் கல் மாதிரி கிடக்கும். அதனால் மழை வந்தால் தெருப் பெண்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டைச் சுற்றி வந்துவிடுவார்கள். கூரைத் தண்ணீர் டீ மாதிரி சிவப்பாக இறங்கும், சமையலுக்கு ஆகாது. ஓட்டுத் தண்ணீர் வெள்ளையாக இறங்கும். அதற்கும் ஒரு முறை இருந்தது. முதல் மழையில் ஓட்டில் உள்ள காக்கை எச்சமும் தூசும் கழுவிப் போகும் வரை யாரும் பாத்திரம் வைக்க மாட்டார்கள். சும்மா நின்று பார்ப்பார்கள். யாராவது ஒருத்தி கையை நீட்டித் தண்ணீரை ஏந்திப் பார்த்து "தெளிஞ்சிடுச்சி" என்றதும் பாத்திரங்கள் தரையில் இறங்கும். அவரவருக்கு ஓர் இடம். அத்தைக்கு எங்கள் சமையல்கட்டுச் சுவரை ஒட்டிய மூலை. எங்கள் பாத்திரமும் அங்கேதான் இருக்கும்.

அத்தை எனக்கு ரத்த சொந்தம் இல்லை. பக்கத்துக் கூரை வீட்டுக்காரி. அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாள், அம்மாவை அண்ணி என்பாள், அதனால் எனக்கு அத்தை. கரியாலூர்ப் பக்கம் மலையில் பிறந்து, கரும்பு வெட்ட வந்த இடத்தில் ஒருவரைப் பிடித்துப்போய்க் கீழேயே தங்கிவிட்டவள். தெருவில் அவளுக்கு மலைக்காரி என்று பெயர். அண்ணே, அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டாளே தவிர, எங்கள் வீட்டுக்குள் அவளை யாரும் வா என்று கூப்பிட்டதில்லை. காரணம் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். எரவாணம் வரைக்கும்தான் அவளுக்கு இடம். அங்கே நிற்கலாம், தண்ணீர் பிடிக்கலாம், சுவரோடு பேசலாம்.

குண்டான் நிறைவதற்கு நேரம் ஆகும். வைத்துவிட்டுப் போனால் ஆடு வந்து வாய் வைக்கும். அதனால் நிற்க வேண்டும். நின்றால் காதில் விழும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. அம்மா சில சமயம் உள்ளேயிருந்து எரிந்து விழுவாள்.

"இன்னாடி, மழைக்கு நிக்கிறியா, எங்க வூட்டுப் பேச்சுக்கு நிக்கிறியா?"

"மழைக்குத்தான் அண்ணி. பேச்சு இனாமா வருது. அண்ணன் கொறட்டை கூடத்தான் வருது. நான் இன்னா, காதைக் கழட்டி வூட்டுல வச்சிட்டா வர முடியும்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அடக்கிக்கொள்வாள். அம்மா அடக்கிக்கொள்கிற ஆள். பல்வலி என்றால் கூட வெளியே சொல்ல மாட்டாள். வீங்கின கன்னத்தைப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மழை ஓட்டில் அடித்துக்கொண்டு பெய்யும்போது மட்டும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து பேசுவாள். யாரிடமும் இல்லை. மாடத்தில் இருக்கும் சாமி படத்தைப் பார்த்து, தனக்குள். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அவள் நினைத்திருந்தாள். உள்ளே இருந்த எங்களுக்குக் கேட்காது, அது சரிதான். தலைக்கு மேல் ஓடு கடகடவென்று அடிக்கும். ஆனால் சமையல்கட்டுச் சுவரில் புகை போக ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு நேர் கீழேதான் அத்தையின் குண்டான்.

நான் எட்டாவது படித்த வருஷம் ஐப்பசி மழையில் அது நடந்தது. மத்தியானம். நான் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் வந்தாள். அவள் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொங்காடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி நாளா அண்ணி?"

"எது?"

"ரத்தம் நிக்காம போய்க்கினு இருக்குதுன்னு சொன்னீங்களே. எத்தினி நாளா?"

"நான் யாருக்கிட்டயும் சொல்லல."

"சாமிக்கிட்ட சொன்னீங்க. சாமி எழுந்து வந்து பஸ் புடிக்காது. கெளம்புங்க."

அம்மா மறுத்தாள், அழுதாள், எழுந்து நின்றபோது தள்ளாடினாள். அதற்குப் பிறகு மறுக்கவில்லை. அத்தை அவளைக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். அப்பாவுக்குத் தகவல் ஆலைக்குப் போய், அவர் வந்து சேர்வதற்குள் அம்மாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, நான் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா பிழைத்தாள். என் கல்யாணம் பார்த்தாள், என் மகளைக் குளிப்பாட்டினாள். அந்த வருஷங்கள் எல்லாம் ஒருத்தி காதில் விழுந்ததால் வந்த வருஷங்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

இதற்காக யாராவது அவளுக்கு நன்றி சொன்னார்களா என்று கேட்டால், இல்லை. டீக்கடையில் அப்பாவைக் கிண்டல் செய்தார்கள். உன் பொண்டாட்டி சமாச்சாரம் உனக்கு முன்னாடி மலைக்காரிக்குத் தெரிஞ்சிருக்குது, நீ இன்னாய்யா குடும்பம் நடத்துற என்று. அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்தவர் மூலையில் இருந்த குண்டானை எட்டி உதைத்தார். அது உருண்டு கல்லில் மோதி நெளிந்தது. இனிமேல் என் வூட்டு ஓரத்துல எவளும் வந்து நிக்கக் கூடாது என்றார். எவளும் என்றாரே தவிர, மற்ற பெண்களை யாரும் தடுக்கவில்லை. அத்தைதான் வரக்கூடாது. தெரு முழுக்க அவளுக்கு ஒட்டுக் கேக்குறவ என்று இன்னொரு பெயர் சேர்ந்தது. அவள் வந்தால் பேச்சை நிறுத்திச் சிரிப்பார்கள்.

அதை விட வலித்தது அம்மா சொன்னதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அத்தை வாசலில் நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அம்மா முகம் கொடுக்கவில்லை. "என் ஒடம்பு சங்கதி. என் வாயால சொல்ற வரைக்கும் அது என்னுது. அத நீ எப்படி எடுக்கலாம்?" என்றாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் இத்தனை வருஷம் யோசித்தும் அதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தையும் தப்பு என்று சொல்லவில்லை.

"உங்களுதுதான் அண்ணி. நான் இல்லன்னா சொன்னேன்? ஆனா என் காதுல வுழுந்துடுச்சே. வுழுந்தத நான் இன்னா பண்றது? எங்க மலையில இந்தச் சரிவுல இருந்து ஒருத்தி கூவுனா, அந்தச் சரிவுல இருக்கறவ திருப்பிக் கூவணும். கம்முனு இருந்தா அவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு ஆளு கெளம்பி வந்துடும். கேட்டுக்கினே கம்முனு இருக்கறது எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. அத்தை வீட்டில் உப்புத் தண்ணீரில்தான் உலை. ஒரு நாள் அம்மா மழையில் இறங்கிப் போய், கூரை வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த நெளிந்த குண்டானைத் தூக்கி வந்து பழைய மூலையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே வந்து அடுப்பை ஊதினாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே கொங்காடி தெரிந்தது. அப்பா அன்றைக்கு ஆலைக்குப் போகவில்லை, கூடத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்தார். அடுத்த பீடியைப் பற்ற வைத்தார்.

அம்மா சாமி படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். தையல் போட்ட இடம் இழுக்கிறது என்றாள். கூடத்தில் இருந்த எனக்கும் கேட்கிற அளவுக்கு உரக்கவே சொன்னாள். வெளியிலிருந்து, புகைபோக்கி ஓட்டை வழியாக, "உம்" என்று ஒரு குரல் வந்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்வோமே, அந்த உம். அம்மா ஓட்டைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள். அரிசி விலை, என் படிப்பு, அப்பாவின் அக்கா சொன்ன குத்தல் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து உம். குண்டான் நிறைந்து வழிகிற சத்தம் எனக்கே கேட்டது. அத்தை அதை எடுக்கவில்லை. மழை விட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் பல வருஷம் அப்படித்தான். வெயில் காலத்தில் தெருவில் எதிரெதிரே வந்தாலும் பேச மாட்டார்கள். மழை வந்தால் ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே. நான் கல்யாணம் ஆகிப் போகும் வரைக்கும் அம்மாவின் மனதில் இருந்ததை எல்லாம் நான் தெரிந்துகொண்டது அவள் அத்தையிடம் பேசும்போது கூடத்தில் உட்கார்ந்து கேட்டுத்தான். அந்த வகையில் தலைவர் சொன்னது சரி. நான் சின்ன வயசிலிருந்தே அந்தத் தொழிலில் இருக்கிறேன்.

அத்தையின் புருஷன் செத்துப்போன பிறகு அவள் மலைக்கே திரும்பிவிட்டாள். குண்டானை எங்கள் மூலையில் வைத்துவிட்டுப் போனாள். அங்கே ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது, இது எதற்கு என்று மழையே இல்லாத ஒரு நாளில் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா உள்ளேயிருந்து உம் என்றாள்.

அப்பா காலமாகி, ஓட்டு வீட்டை விற்று, கள்ளக்குறிச்சியில் இந்த வீட்டைக் கட்டினோம். கான்கிரீட் வீடு. அம்மாவும் குண்டானும் என்னோடு வந்தார்கள். கடைசியில் அம்மா படுத்த படுக்கையானபோது, மழை பெய்தால் பேச ஆரம்பிப்பாள். பேசிவிட்டு நிறுத்துவாள். காத்திருப்பாள். ஒரு நாள் நான் அடுத்த அறையிலிருந்து உம் என்றேன். அம்மா, "நீ இல்லடி" என்றாள்.

கரியாலூர் போகிற பஸ் கண்டக்டர் ஒருவர் என் கடைக்கு வருபவர். அவரிடம் சொல்லி அனுப்பினேன். நாலைந்து நாளில் அத்தை வந்தாள். முதுகு வளைந்திருந்தது, தலை முழுக்க நரைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

"மழை பேஞ்சா தண்ணி எங்க வுழும்?"

"வுழாது அத்தை. மாடியிலேருந்து குழாய் வழியா நேரா சாக்கடைக்குப் போயிடும்."

அவள் கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தாள். "அப்ப நான் எங்க நிக்கிறது?" என்றாள்.

உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காப்பி ஆறியது. முகம் பார்த்துப் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அத்தையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். ஜன்னலுக்குக் கீழே, சந்தில், ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு வந்தேன். மழைகூட இல்லை. நல்ல வெயில். நான் ஜன்னல் கதவைத் திறந்துவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். பேச ஆரம்பித்தாள். சந்திலிருந்து, உம்.

அந்த மாதமே அம்மா போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருஷம் மலையில் அத்தை. நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. திரும்பி வரும்போது மலைப்பாதையில் நல்ல மழை. பஸ்ஸில் ஷட்டரை எல்லாரும் இறக்கிவிட்டார்கள். நான் மட்டும் இறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் திட்டினார். எந்தச் சரிவிலிருந்தாவது ஒரு குரல் வரும் என்று ஒரு பைத்தியக்காரத்தனம். இப்போதும் மழை பெய்தால் அந்த நினைப்பு போகவில்லை. இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் கண்ணாடி ஜன்னல், ஏசி, குழாய். தண்ணீர் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போகிறது. யாரும் யார் வீட்டு ஓரத்திலும் நிற்பதில்லை. நிற்க ஓரமே இல்லை.

ஆனாலும் அந்தப் பெண்ணின் சத்தம் கேட்டது. மாலை நேரம், எல்லார் வீட்டிலும் சீரியல் ஓடுகிற நேரம். "யாராச்சும் வாங்களேன்" என்று மாடியிலிருந்து கத்தினாள். நான் ஓடிப்போய்க் கேட்டைத் தட்டினேன். உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டிக்கொண்டே போலீஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்து திறந்தபோது அவள் படிக்கட்டில் கிடந்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தாடையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. எழுதத் தெம்பில்லை. படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று புருஷன் சொல்கிறான். நான் அவனுக்கு வேண்டாதவள், கடை வாடகைத் தகராறில் ஏற்கெனவே தன்னோடு சண்டை போட்டவள் என்கிறான். சண்டை போட்டது உண்மை. அதனால் என் சொல் ஒன்று மட்டும் போதாது, இன்னொருவர் சொன்னால்தான் கேஸ் நிற்கும் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டார். நேற்று அவளைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வேறு யாராவது வந்தார்களா என்பது போல வாசலைப் பார்த்தாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? உன் தெருவுக்குக் காது இல்லை என்றா?

தலைவரே, நீங்கள் எழுதிய வார்த்தைக்கு அகராதியில் அர்த்தம் பார்த்துவிட்டேன். இங்கிலாந்துக்காரர்களுக்கு எரவாணத்தடியில் ஒருத்தி நின்றால் திருட்டுத்தனமாகக் கேட்கத்தான் நிற்கிறாள் என்று தோன்றியிருக்கிறது. குண்டானோடு தண்ணீருக்கு வந்திருப்பாள் என்று தோன்றவில்லை. கேட்டதை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காப்பாற்றுவாள் என்று சுத்தமாகத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. பரவாயில்லை. அந்தப் பெயரை நான் வாங்கிக்கொள்கிறேன். என் அத்தை சுமந்த பெயர் அது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அவள் கத்தியபோது உங்கள் வீட்டு டிவி சத்தம் திடீரென்று ஏறியது. நான் தெருவில் நின்று கேட்டேன். ஒன்றுமே காதில் விழாதவர் எதற்காக டிவி சத்தத்தை ஏற்றினார்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். மழை வரும் என்கிறார்கள், வரட்டும். என் மொட்டை மாடிக் குழாயின் அடித்துண்டைக் கழற்றிவிட்டு, வாசலில் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் அந்த நெளிந்த குண்டானை வைத்துவிட்டுத்தான் வருவேன். விழுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். குரூப்பில் பதில் வேண்டாம், ஆங்கிலத்தில் வேண்டாம். எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, தமிழில் சொல்லுங்கள். அந்தப் பெண் கத்தியது உங்களுக்குக் கேட்டதா, இல்லையா?